மேசையில் ஓடுகிற கருவி, படகில் ஏன் முரண்டு பிடிக்கிறது?

கன்னியாகுமரி மாவட்டத்தில், குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், படகு எண் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 31. ஆறு வருடம் பெங்களூரில், கருவிகளுக்குள் ஓடும் எம்பெடட் மென்பொருள் வேலை. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஊருக்குத் திரும்பி, வீட்டு மாடியில் ஒரு மேசை, சோல்டரிங் அயர்ன், மல்டிமீட்டர் என்று சொந்தமாகத் தொடங்கியிருக்கிறார். அண்ணன் விசைப்படகு வைத்திருப்பவர். இருவரும் சேர்ந்து ஒரு கருவி செய்திருக்கிறார்கள். படகின் அடித்தட்டில் தண்ணீர் ஏறினால் அலாரம் அடிக்கும். படகு நிற்கும் இடத்தை ஜிபிஎஸ் மூலம் எடுத்து, கரைப் பக்கத்தில் 4ஜி வழியாகவும் சிக்னல் இல்லாத இடத்தில், குறைந்த சக்தியில் தொலைதூரம் பேசும் லோரா ரேடியோ வழியாகவும் அனுப்பும். கரையில் லோரா சமிக்ஞையை வாங்கும் பெட்டியைக் கோயில் கோபுரத்தில் வைக்கப் பங்குத்தந்தையிடம் அனுமதியும் வாங்கிவிட்டார்.

மார்ச் மாதம் ஐந்து படகுகளில் மாட்டினார்கள். மேசையில் மூன்று வாரம் நிற்காமல் ஓடிய கருவி, படகில் ஏறியதும் குணம் மாறிவிட்டது. என்ஜினை ஸ்டார்ட் செய்யத் தட்டினால் கருவி ரீசெட் ஆகிறது. வயர்லெஸ் செட்டில் யாராவது பேசினால் தண்ணீரே இல்லாமல் அலாரம் அலறுகிறது. ஜிபிஎஸ் சில நாள் ஒரு மணி நேரமானாலும் இடம் காட்டுவதில்லை. மாட்யூல் போலி என்று நினைத்து மூன்று தடவை மாற்றியாயிற்று. நாற்பது நாளில் இரண்டு கருவிகள் செத்தே போயின. திறந்து பார்த்தால், தண்ணீர் புகாது என்று ஐபி 67 தர முத்திரை போட்ட பெட்டிக்குள் பச்சைக் களிம்பு. ஒரு டிரைவர் பஸர் வயரைப் பிடுங்கிக் கையில் கொடுத்துவிட்டார்.

இதற்கு நடுவில் படகு உரிமையாளர் சங்கம் ஒன்று 120 கருவி கேட்கிறது. ஒன்று 9,500 ரூபாய். மூன்று லட்சம் முன்பணம். மேற்குக் கரையின் தடைக்காலம் முடிந்து ஆகஸ்ட் 1-ஆம் தேதி படகுகள் கடலுக்குப் போவதற்குள் எல்லாம் மாட்டியாக வேண்டும். தாமதமானால் நாளுக்கு மொத்தத் தொகையில் ஒரு சதவீதம் கழிப்பார்கள். மீதிப் பணத்துக்கு நகையை அடகு வைக்கலாமா, பிராசஸரைப் பெரிதாக்கலாமா, கருவி உறைந்தால் தானே ரீசெட் செய்யும் வாட்ச்டாக்கின் நேரத்தைக் குறைத்தால் போதுமா, கையெழுத்துப் போடலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

தங்கச்சி, பிராசஸரை மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் நான்கு கோளாறுகளில் ஒன்றுகூட பிராசஸருடையது இல்லை, மென்பொருளுடையதும் இல்லை. கடிதம் முழுக்க நீங்கள் மென்பொருளிலேயே விடை தேடுகிறீர்கள். ஆறு வருடம் அதில்தான் கை பழகியிருக்கிறது, அதனால் கண்ணும் அங்கேதான் போகிறது. நீங்கள் வாங்கிய மாட்யூல்கள் ஒவ்வொன்றும் அநேகமாக நல்லவைதான். ஒன்றோடொன்று சேரும் இடத்திலும், படகோடு சேரும் இடத்திலும்தான் சிக்கல். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதல் முறை கிளம்பி 40 நொடிக்குள் சிதறியது நினைவிருக்கும். ஏரியான் 4-இல் ஒழுங்காக ஓடிய வழிகாட்டி மென்பொருளை அப்படியே எடுத்துப் புதிய ராக்கெட்டில் வைத்தார்கள். புதியதன் வேகம் வேறு. 64 பிட் எண் ஒன்று 16 பிட் இடத்துக்குள் அடங்கவில்லை. பழைய இடத்தில் அந்த மென்பொருளில் குறை சொல்ல எதுவுமே இருந்ததில்லை. உங்கள் மேசையும் அண்ணனின் படகும் அந்த இரண்டு ராக்கெட்டுகள் போலத்தான்.

என்ஜினைத் தட்டும் அந்த நொடி

மேசையில் உங்கள் கருவிக்குக் கிடைத்தது அடாப்டரின் சுத்தமான 12 வோல்ட். படகில் கிடைப்பது, பெயரளவில் 12 வோல்ட். செல்ஃப் மோட்டார் சுற்றத் தொடங்கும்போது பேட்டரி 6, 7 வோல்ட் வரை இறங்குவது சாதாரணம். நீங்கள் போட்டிருக்கும் ரெகுலேட்டர் 5 வோல்ட் தருவதற்கு உள்ளே 7 வோல்ட்டாவது வர வேண்டும். அதற்குக் கீழே போனால் பிராசஸர் பிரவுன்அவுட் ஆகி, அதாவது வோல்ட்டேஜ் போதாமல், ரீசெட் ஆவது அதன் கடமை. அந்தப் பாதுகாப்பை மென்பொருளில் அணைத்து வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து மறுபடி இயக்குங்கள். அது இல்லாமல் அரைகுறை வோல்ட்டேஜில் ஓடும் பிராசஸர், ஃபிளாஷ் மெமரியில் கன்னாபின்னாவென்று எழுதிவைக்கும். ரீசெட்டை விட அது மோசம்.

பெரிய கெப்பாசிட்டர் வைத்தால் தீராதா என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கருவி 150 மில்லி ஆம்பியர் இழுக்கிறது, முன்னால் ஒரு டையோடு இருக்கிறது, கெப்பாசிட்டர் 11.5 வோல்ட்டிலிருந்து 7 வோல்ட்டுக்கு இறங்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 வோல்ட்டுக்குக் கீழான பள்ளம் 50 மில்லி நொடிதான் என்றால் 2,200 மைக்ரோ ஃபாரட் போதும். அரை நொடி என்றால் கிட்டத்தட்ட 17,000 வேண்டும். அதற்குப் பெட்டியில் இடமே கிடையாது, உள்ளே வருவது கூடினாலும் குறைந்தாலும் ஒரே வோல்ட் தரும் பக்-பூஸ்ட் வகை ரெகுலேட்டருக்குத்தான் போயாக வேண்டும். இரண்டில் எது என்பதை, வோல்ட்டேஜின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப் வைத்து, ஐந்து படகிலும் என்ஜினைத் தட்டிப் பார்த்தால்தான் தெரியும். மல்டிமீட்டர் அந்தப் பள்ளத்தைக் காட்டாது. ஸ்கோப் வாங்க வேண்டியதில்லை, நாகர்கோவில் பக்கம் பொறியியல் கல்லூரி ஆய்வகம் எதிலாவது இரண்டு நாளுக்கு இரவல் கேளுங்கள். படிப்பித்த ஆசிரியர் யாராவது இருப்பார்.

பள்ளம் ஒரு பக்கம் இருக்க, மேடு இன்னும் ஆபத்து. என்ஜின் ஓடி டைனமோ சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும்போது பேட்டரி டெர்மினல் ஒரு கணம் விட்டுப்போனால் லைனில் வோல்ட்டேஜ் எகிறும். 12 வோல்ட் வண்டிகளுக்கான ஐஎஸ்ஓ 16750 தரத்தில் இந்த அடியை 79 முதல் 101 வோல்ட் வரை என்று வைத்துத்தான் சோதிக்கச் சொல்கிறார்கள். உங்கள் ரெகுலேட்டர் சிப் தாங்குவது 40. உப்பு பூத்து, கயிறு வைத்துக் கட்டிய டெர்மினல்களை எத்தனை படகில் பார்த்திருக்கிறீர்கள் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். உள்ளே வரும் லைனில் ஒரு ஃபியூஸ், எகிறும் வோல்ட்டேஜை உறிஞ்ச, அந்த ஆற்றலைத் தாங்கும் அளவுக்குத் தேர்ந்தெடுத்த டிவிஎஸ் டையோடு, பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்தாலும் காக்கும் ஒரு டையோடு. மூன்றும் சேர்ந்தாலும் பெரிய செலவில்லை.

என் கதை ஒன்றும் சொல்லிவிடுகிறேன். பல வருடம் முன்னால் ஆரல்வாய்மொழி காற்றாலை ஒன்றில், அளவுகளைப் பதிவு செய்யும் டேட்டா லாகர் மாட்டினேன். ஆடிக் காற்றில் காலை நன்றாக ஓடும், சாயங்காலம் பத்து தடவை ரீசெட் ஆகும். மூன்று வாரம் மென்பொருளைக் கிண்டினேன். கடைசியில் அங்கே இருந்த வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர், "சார், காண்டாக்டர் அடிக்கும்போதுதானே உங்க பெட்டி சாகுது?" என்று கேட்டுவிட்டு, காண்டாக்டர் என்ற அந்தப் பெரிய மின் சுவிட்சின் காயிலுக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டரையும் கெப்பாசிட்டரையும் மாட்டினார். அதோடு நின்றது. மூன்று வாரத்தில் ஒரு நாள்கூட நான் அந்தக் காண்டாக்டர் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கவில்லை.

வயர்லெஸ் பேசினால் அலறும் அலாரம்

படகு வயர்லெஸ் செட் 25 வாட் வரை அனுப்பும். 16-ஆம் சேனலின் அலைவரிசை 156.8 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் ஏறக்குறைய 1.9 மீட்டர். உங்கள் தண்ணீர் சென்சாரின் வயர் இரண்டு மீட்டர், முறுக்கில்லாத, ஷீல்டில்லாத சாதா வயர். அதாவது நீங்களே ஒரு ஆன்டெனா இழுத்து அனலாக் பின்னில் கட்டியிருக்கிறீர்கள். உள்ளே வரும் ரேடியோ அலையைச் சிப்பின் பாதுகாப்பு டையோடுகள் நேர்மின்னோட்டமாக (டிசி) மாற்றிவிடும். தண்ணீர் மட்டம் ஏறியது போலவே எண் ஏறும். பத்து ரீடிங் சராசரி எடுத்தும் சரியாகவில்லை என்று ஆச்சரியப்பட்டிருக்கிறீர்கள். டிரைவர் அரை நிமிடம் பேசினால் அரை நிமிடமும் எண் அதே உயரத்தில் நிற்கும். பத்தாயிரம் ரீடிங் எடுத்தாலும் சராசரி அதேதான்.

இதே வயரில் இன்னொரு பிசகும் இருக்கிறது, அதை நீங்கள் இன்னும் கவனிக்கவில்லை. நீங்கள் வரைந்து அனுப்பிய படத்தில், தண்ணீர் இறைக்கும் பம்புக்கும் சென்சாருக்கும் ஒரே மைனஸ் வயர். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் மீட்டருக்கு 17 மில்லி ஓம். ஆறு மீட்டருக்கு 0.1 ஓம். பம்பு 5 ஆம்பியர் இழுத்தால் அந்த வயரில் அரை வோல்ட் விழும். 3.3 வோல்ட் அளவுகோலில் அரை வோல்ட் என்றால் 15 சதவீதம் பிசகு. பம்பு எப்போது ஓடும்? தண்ணீர் ஏறும்போது. சரியான எண் வேண்டிய நேரம் பார்த்து எண் தப்பாக வரும்.

இரண்டுக்கும் ஒரே மருந்து, வோல்ட்டேஜில் பேசும் சென்சாரை விட்டு 4–20 மில்லி ஆம்பியர் வகைக்குப் போவது. கரன்ட்டாக வரும் செய்தியை வயரில் விழும் வோல்ட் பெரிதாகக் கெடுக்காது. வயர் அறுந்தால் 4-க்குக் கீழே போய்விடும், கருவிக்குத் தெரிந்துவிடும். இப்போதுள்ள வடிவமைப்பில் அறுந்த வயரும் வறண்ட படகும் ஒரே மாதிரி தெரிகின்றன, அது எனக்குப் பயமாக இருக்கிறது. கூடவே முறுக்கிய ஷீல்டு வயர், பெட்டிக்குள் நுழையும் இடத்திலேயே ரேடியோ அலையைத் தடுக்க ஒரு ஃபெர்ரைட்டும் சிறிய கெப்பாசிட்டரும், பம்புக்குத் தனி மைனஸ். அரை மணி நேரம் வயர்லெஸ் பட்டனை அழுத்தி அழுத்திப் பேசிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியை மூட வேண்டும்.

பஸர் வயரைப் பிடுங்கிய டிரைவர் மேல் கோபப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி வலை இழுக்கும் நேரத்தில் நாலு தடவை பொய்யாக அலறிய கருவியை நானாக இருந்தால் கடலிலேயே போட்டிருப்பேன். அவர் வயரைக் கையில் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனிதர்.

ஜிபிஎஸ் மாட்யூல் போலியா?

இருக்கலாம், ஆனால் மூன்றும் போலியாக இருக்காது. ஜிபிஎஸ் சமிக்ஞை தரைக்கு வரும்போது எவ்வளவு பலவீனம் என்றால், ஒரு வாட்டைக் கோடி கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை இன்னும் நூறாகப் பிரித்தால் கிடைப்பது. அதைப் பிடிக்கும் ஆன்டெனாவை 4ஜி ஆன்டெனாவுக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவில், மூன்று சென்டிமீட்டர் தள்ளி வைத்திருக்கிறீர்கள். பக்கத்தில் செண்டை மேளம் அடிக்கும்போது கொசுவின் ரீங்காரத்தைக் கேட்கச் சொல்வது போல.

படகில் இன்னொரு சந்தேக ஆசாமி, மலிவு எல்இடி விளக்குகள். அவற்றுக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் சர்க்யூட்டுகள் ரேடியோ இரைச்சலைக் கக்கும். 2018-இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை, எல்இடி விளக்குகளால் கப்பல்களின் வயர்லெஸ்ஸும் தானியங்கி அடையாளக் கருவியும் சரியாகக் கேட்காமல் போகின்றன என்று தனி எச்சரிக்கையே விட்டது. சோதனை எளிது. மாட்யூல் தரும் சிக்னல் வலு எண்ணைத் திரையில் போடுங்கள். திறந்த வானத்தில் 40-க்கு மேல் இருக்க வேண்டும். விளக்கு, 4ஜி, லோரா, ரெகுலேட்டர் என்று ஒவ்வொன்றாக அணைத்து எண்ணைக் குறித்து வாருங்கள். எதை அணைத்தால் எண் துள்ளுகிறதோ அதுதான் திருடன். ஆன்டெனாவைத் தனி வயரில் கேபின் கூரைக்குக் கொண்டுபோனாலே பாதி சரியாகிவிடும் என்பது என் கணிப்பு.

ஐபி 67-க்குள் களிம்பு எப்படி வந்தது

அண்ணன் சொன்ன "ஒரு வாட்டர்ப்ரூஃப் பெட்டி போதும்" என்பதை நீங்களும் நம்பிவிட்டீர்கள். ஐபி 67 என்பது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்ற சோதனை. உப்பைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் அதில் ஒரு வார்த்தை கிடையாது. மத்தியானம் பெட்டிக்குள் 60 டிகிரி. ஒரு அலை அடித்து 30-க்கு இறங்குகிறது. மூடிய பெட்டிக்குள் காற்றழுத்தம் 9 சதவீதம் விழும். தொண்ணூறு சென்டிமீட்டர் தண்ணீருக்கடியில் இருப்பதற்குச் சமமான உறிஞ்சல். இது தினமும் பல தடவை. ஒரு மாதத்தில் ரப்பர் வாஷர் எங்காவது விட்டுக்கொடுக்கும், உப்பு ஈரம் உள்ளே வரும், வெளியே போகாது. வயருக்குள் இழைகளின் நடுவிலும் தண்ணீர் ஏறிவரும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல.

ஆகவே இறுக்கி மூடுவதை விட்டு, காற்றை விட்டுத் தண்ணீரைத் தடுக்கும் சவ்வு வால்வு ஒன்று வையுங்கள். போர்டைச் சோல்டர் செய்ததும் ஒட்டியிருக்கும் ஃபிளக்ஸ் பசையைக் கழுவி, காயவைத்து, பிறகு பாதுகாப்புப் பூச்சு அடியுங்கள். கழுவாமல் பூசினால் அழுக்கை உள்ளே வைத்துச் சீல் வைத்தது போலாகும். ஈயம் பூசிய செம்பு வயர் வாங்குங்கள். இன்னொன்று, உள்ளே இருக்கும் லித்தியம் அயான் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. சார்ஜர் வெப்பநிலை பார்த்து நிற்கிறதா என்று சோதியுங்கள்.

ஐந்து படகில் ஓடியது 120-இல் ஓடுமா

கடிதத்தில் நீங்கள் கேட்காத கேள்வி இது. ஆனால் என் கண்ணில் முதலில் பட்டது இதுதான். லோராவை எஸ்எஃப் 12 என்ற மிக மெதுவான வேகத்தில் வைத்து, நிமிடத்துக்கு ஒரு செய்தி அனுப்புகிறீர்கள். 20 பைட் செய்தி அந்த வேகத்தில் காற்றில் இருக்கும் நேரம் 1.3 நொடி. ஐந்து படகு என்றால் நிமிடத்தில் ஆறரை நொடி, பரவாயில்லை. 120 படகு என்றால் 156 நொடி. நிமிடத்துக்கு அறுபது நொடிதானே, தங்கச்சி. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசும் பஞ்சாயத்து போல ஒன்றும் காதில் விழாது. யார் எப்போது பேசுவது என்று ஒழுங்கில்லாமல் ஒரே சேனலைப் பகிர்ந்தால், ஏறக்குறைய 18 சதவீதத்துக்கு மேல் உருப்படியாகக் கொண்டுபோக முடியாது என்பது பழைய கணக்கு. எஸ்எஃப் 9-க்கு மாறினால் அதே செய்தி 0.19 நொடிக்குள் முடியும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை என்றால் 120 படகும் சேர்ந்து நான்கு சதவீதத்துக்குள் அடங்கிவிடும். இது மென்பொருள் வேலை. கடைசியாக உங்களுக்குப் பிடித்தது ஒன்று வந்துவிட்டது.

வேகத்தைக் கூட்டினால் தூரம் குறையுமே என்பீர்கள். உண்மை, ஆனால் உங்கள் தூரத்தை முதலில் கட்டிப்போடுவது பூமியின் வளைவு. ஆன்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோவின் தொடுவானம் கிலோமீட்டரில் வரும். 25 மீட்டர் கோபுரத்துக்கு 20.6; படகில் 3 மீட்டருக்கு 7.1. கூட்டினால் 28 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் நோட்டீஸில் போட்டிருக்கும் 50 கிலோமீட்டர் இந்தக் கோபுரத்திலிருந்து கிடைக்காது.

அந்த நோட்டீஸின் இன்னொரு வரியையும் எடுத்துவிடுங்கள்: "ஓகி போல இன்னொரு புயல் வந்தாலும் இந்தக் கருவி காப்பாற்றும்." 2017 நவம்பர் 30-ஐ உங்கள் கரைக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. அன்று தொலைந்த படகுகளில் பல, எந்தக் கோபுரமும் எட்டாத ஆழ்கடலில் இருந்தவை. அதற்கென்று இருப்பவை செயற்கைக்கோள் வழியாகப் பேசும் அபாய அறிவிப்புக் கருவிகள். இஸ்ரோ உருவாக்கிய டாட் கருவியின் இரண்டாம் தலைமுறையில், செய்தி போய்ச் சேர்ந்தது என்ற பதிலும் படகுக்கே திரும்ப வரும். உங்கள் கருவியை நம்பி ஒருவர் அதை வாங்காமல் விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அடித்தட்டுத் தண்ணீரை நேரத்தோடு சொல்லும் கருவி என்றே விற்கலாம். அதுவே நல்ல பொருள்.

சான்றிதழ் பற்றி

மாட்யூலுக்குச் சான்றிதழ் இருப்பதால் தனக்கு எதுவும் தேவையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. லோராவுக்கான 865–868 மெகாஹெர்ட்ஸில் உரிமம் இல்லாமல் அனுப்பலாம்தான். அனுப்பும் சக்தி ஒரு வாட், ஆன்டெனாவோடு சேர்த்து 4 வாட் என்ற வரம்புக்குள். ஆனால் விற்கும் கருவிக்கு, மத்திய அரசின் ரேடியோ அலைவரிசைப் பிரிவான டபிள்யூபிசியின் ஈடிஏ என்ற ஒப்புதல் வேண்டும். டெலிகாம் கருவிகளுக்கான கட்டாயச் சோதனைப் பட்டியலில் டிராக்கிங் கருவி என்றும் ஒரு வகை இருக்கிறது. 4ஜி இருப்பதால் உங்களுடையது அதில் வருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பேட்டரி, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு பெற்றதாக இருக்கட்டும். இதற்கெல்லாம் ஆகும் வாரங்களை உங்கள் அட்டவணையில் எங்கேயும் காணோம்.

ஒப்பந்தமும் நகையும்

இப்போதுள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மொத்தம் 11.4 லட்சம்; நாளுக்கு ஒரு சதவீதம் என்றால் 11,400 ரூபாய். ஒரு மாதம் தாமதமானால் மூன்று லட்சத்து நாற்பதாயிரம், முன்பணத்தை விட அதிகம். 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி, எழுதிய அபராதம் எவ்வளவாக இருந்தாலும் நீதிமன்றம் நியாயமான இழப்பீட்டைத்தான் தரும் என்பது சரி. ஆனால் அவர்கள் பணத்தைக் கழித்துக்கொண்ட பிறகு, வழக்குப் போட்டு வாங்குவது உங்கள் பாடு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் குறைபாடுள்ள பொருளுக்குத் தயாரித்தவர் பொறுப்பு என்று தனி அத்தியாயமே உண்டு. சொந்தப் பிழைப்புக்காக வாங்கும் ஒரு படகுக்காரர் நுகர்வோர் என்ற வரையறைக்குள் வர வழி இருக்கிறது. ஒரு வழக்கறிஞரிடம் வரைவைக் காட்டிவிடுங்கள். நான் போர்டு பார்க்கிறவன்.

நகையைத் தொடவே வேண்டாம். 120 போர்டை ஒரே மூச்சில் அடித்து, அதில் ஒரு கெப்பாசிட்டர் தப்பு என்று தெரிந்தால் 120-ஐயும் கையால் திருத்த வேண்டும். முதலில் பத்து போர்டு. முக்கியமான சிப்புக்கு மாற்று எது என்று இப்போதே எழுதிவையுங்கள்; 2020-க்குப் பிந்தைய தட்டுப்பாட்டில் சில சிப்புகளுக்கு ஒரு வருடத்துக்கு மேல் காத்துக்கிடந்தவர்களை எனக்குத் தெரியும்.

மறுத்துவிட்டால் ஆர்டர் போய்விடும் என்ற பயம் புரிகிறது. சங்கத்திடம் மறுக்க வேண்டாம், வேறு கணக்குச் சொல்லுங்கள். ஆகஸ்டில் பத்து கருவி. ஒன்றரை மாதம் ஓடினால் அடுத்து முப்பது. மீதி அதற்குப் பிறகு. தாமதக் கழிவுக்கு மொத்தத்தில் ஐந்து சதவீதம் என்று உச்சவரம்பு.

இதில் ஒரு சிக்கலை நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். ஜூன், ஜூலையில் படகுகள் கரையில் கிடப்பதால் மாட்டுவது எளிது என்று எழுதியிருக்கிறீர்கள். மாட்டலாம். ஆனால் என்ஜின் ஓடாத, அலை அடிக்காத, யாரும் வயர்லெஸ்ஸில் பேசாத படகு, உங்கள் மாடி மேசையின் அண்ணன்தான். ஆகஸ்ட் 1 விடியற்காலை 120 படகும் ஒன்றாகக் கிளம்பும்போதுதான் முதல் சோதனையே நடக்கும்.

நல்லவேளையாக நம் மாவட்டத்துக்கு இரண்டு கரை. கிழக்குக் கரைத் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிந்துவிடும். சின்னமுட்டம் விசைப்படகுகள் ஜூன் 15 முதல் கடலில் இருக்கும், உங்கள் பக்கம் ஜூலை 31 வரை கட்டிக் கிடக்கும்போது. நாற்பத்தேழு நாள். அதுவும் தென்மேற்குப் பருவக் காற்று, சாரல், முரட்டுக் கடல். காசு கொடுத்தாலும் கிடைக்காத சோதனைச் சாலை. காலையில் போய் இரவுக்குள் திரும்பும் படகுகள் என்பதால், கெட்டுப்போனதை அன்றைக்கே கழற்றி மேசைக்குக் கொண்டுவரலாம். அண்ணனுக்கு அந்தப் பக்கம் பழக்கமில்லாமல் இருக்காது. சோதனைக்கு ஐந்து படகுக்குப் பேசி வைக்கச் சொல்லுங்கள். மே மாதம் முழுக்கப் புது போர்டுக்கு.

போவதற்கு முன் ஒரு தாளில் இதை மட்டும் எழுதுங்கள்: கருவிக்குள் நுழையும், வெளியேறும் வயர் ஒவ்வொன்றும், அதில் என்ன வோல்ட், அதிகபட்சம் எவ்வளவு வரலாம், அறுந்தால் என்ன ஆகும், மாற்றி மாட்டினால் என்ன ஆகும், மறு முனையை யார் மாட்டுகிறார். கடைசிக் கட்டத்துக்கு என்ஜின் மெக்கானிக்கிடமும் வயர்லெஸ் பழுது பார்ப்பவரிடமும் போய்க் கேட்க வேண்டியிருக்கும். அந்தப் பேச்சிலேயே இரண்டு கோளாறு வெளியே வந்துவிடும்.

சின்னமுட்டத்தில் ஐந்தும் தாக்குப்பிடித்தால், ஆகஸ்டில் குளச்சலில் முதல் கருவியை அந்த பஸர் வயர் பிடுங்கிய டிரைவரின் படகில் மாட்டுங்கள். செப்டம்பர் நடுவில் போய்ப் பாருங்கள். வயர் அதன் இடத்திலேயே இருந்தால் முப்பதுக்கான காகிதத்தில் கையெழுத்துப் போடலாம். இல்லையென்றால் அவரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, என்ன நடந்தது என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.